எட்டுப் பேர், 630 கிலோ

பூசை முடிந்துவிட்டது.
முப்பதாம் நாள், வெள்ளிக்கிழமை,
ஏழு பெயர்களில் ஐந்தாவதாக வாசித்தார்கள்.
சூசை மிக்கேலை
சூசி மைக்கேல் என்றார் கோவா சாமியார்.
கோயிலில் பாதிப்பேர் ஒரு பெண்ணுக்காக
மன்றாடிவிட்டு வந்தார்கள்.
அவர் இருந்திருந்தால்
ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நாங்களாக ஒன்று வைக்கவேண்டும் என்று
அன்றைக்கே தோன்றியது.

ஹால் விசாரித்தேன். சால்மியாவில் அறுபது தினார்,
மைக் தனி.
நாற்காலி உறை வெள்ளையா தங்கநிறமா என்றான்.
கல்யாணமா பிறந்தநாளா என்றான்.
போனை வைத்துவிட்டேன்.

படம் பெரிதுபண்ணலாமென்றால்
முகம் தெரிவது சிவில் ஐடியில் மட்டும்.
மற்றதிலெல்லாம் தலை லிஃப்ட் குழிக்குள்,
வெளியே முதுகு.
இருபத்திரண்டு வருஷம்
கேமராவுக்கு முதுகைக் காட்டிய உத்தியோகம்.

அவருக்கு என்னென்ன பிடிக்கும், எழுது
என்று தாளை நீட்டினாள் ஜெசிந்தா.
எழுதினேன்.
இரானி ரொட்டி, சுடச்சுட, நடந்துகொண்டே பிய்த்துத் தின்பது.
யார் வீட்டுக்குப் போனாலும்
முதலில் லிஃப்ட் கதவில் காதை வைப்பது.
பிடிக்காதது: மாலை. இரங்கல் பேச்சு.
அன்னார் என்ற சொல்.
பல் டாக்டர்.

பல் ஆஸ்பத்திரி வரிசையில்தான் போனார்.
கையில் டோக்கன் நாற்பத்தேழு.
அப்போது கூப்பிட்டது நாற்பத்தாறு.

ஜெசிந்தா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப லிஃப்டிலேயே வெச்சிருவோமா?"
சிரித்தாள்.
பிறகு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் கட்டடம் பதினோரு மாடி.
லிஃப்ட் ஒன்றே ஒன்று, கிழம்.
உள்ளே தகட்டில் அரபியிலும் ஆங்கிலத்திலும்
எட்டுப் பேர், 630 கிலோ.

வியாழன் இரவு ஒன்பதுக்கு.
வேறு யாரையும் ஏறவிடமாட்டேன் என்கிறான்
ஹாரிஸ் அப்துல் மவ்ஜூத். காசு கொடுத்தேன்,
அவன் ரூம் ஃபேனைக் கைகாட்டினான்.
ஓடிக்கொண்டிருந்தது. வாங்கவில்லை.
ஆறாம் மாடி மெர்லி நைட் டூட்டியை மாற்றிக்கொண்டாள்.
கம்பெனி ஆட்கள் வேன் நிறைய வருகிறார்கள்,
ஷூவைக் கழற்றவேண்டுமா என்று கேட்கிறார்கள்.
ஜெரோன் திருச்சி ஹாஸ்டலிலிருந்து போனில்.
உள்ளே சிக்னல் நிற்காது,
கதவு மூடியதும் அவன் குரல் அறுந்துபோகும்.
போகட்டும்.
அவனுக்கும் யாருக்கும் கேட்காத
ஒரு நிமிஷம் வேண்டியிருக்கும்.

ஒன்றும் பேசவேண்டாம்.
கீழே ஏறி மேலே இறங்கினால் போதும்,
பத்துப் படியில் மொட்டைமாடி,
ரொட்டி, சாயா.

ஏழு ஏழு பேராக அனுப்புவோம் என்றேன்.
எதற்கென்று ஜெசிந்தா கேட்கவில்லை.
தலைக்கு எழுபத்தொன்பது வருது
என்று கணக்குப் போட்டாள்.
அவர் தொண்ணூறு, என்றேன்.
"அப்ப ஆளைப் பார்த்துத்தான் ஏத்தணும்."

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு
ஒத்திகை பார்க்கத் தனியாகப் போனேன்.
பதினொன்றை அழுத்தினேன்.
மூன்றில் நின்றது.
கதவு திறந்தது.
யாருமில்லை.
ஒரு குழந்தை சைக்கிள். யாரோ வைத்த குப்பைப் பை.

எனக்குத் தெரியும், இது பேயில்லை, ரிலே.
ரம்ஜான் கழிந்ததும் மாத்திடறேன் என்று
ரெண்டு ரம்ஜானாகச் சொன்னது.
சோம்பேறி, என்றேன்,
சத்தமாகவே.
அவர் போனபிறகு அவரைத் திட்டியது
அதுதான் முதல்தடவை.
கதவு தன் நேரத்துக்கு மூடியது.

காலையில் கம்பெனிப் பையன் கூப்பிட்டான்:
அக்கா, வியாழனுக்குள்ள சரிபண்ணிடறேன்.
வேண்டாம்ப்பா என்றேன்.

தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.
மூன்றாம் மாடியில் தானாக நிற்கும்.
யாரும் பட்டனைத் தொடவேண்டாம்.